எண்பத்து நான்கு வலக்கைகள்

துணி வெட்டுவதில் நான் தப்புச் செய்ததே இல்லை. இதை நானேதான் சொல்லிக்கொள்ள வேண்டும். அடுத்தவர் வாயிலிருந்து வரும் என்று காத்திருந்தால் ஆயுசு போதாது. இருபத்திரண்டு வருடமாக இந்தப் பட்டறையில் தலையணை உறை, திரைச்சீலை, மெத்தை விரிப்பு, ஆஸ்பத்திரித் தொட்டிலில் குழந்தைக்கு அடியில் போடுகிற ஈரம் இறங்காத துணி என்று எதுவானாலும் என் கை பட்டுத்தான் தையல் மிஷினுக்குப் போகும். எல்லாரும் என்னை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கோபக்காரி என்றும் சொல்வார்கள், அது நான் அந்தப் பக்கம் போனபிறகு.

என் தம்பி ராணுவத்தில் இருக்கிறான். பனிமலை உச்சியில் ஒரு காவல்சாவடி, மொத்தம் நாற்பத்திரண்டு பேர். போன மாதம் போன் பண்ணினான்.

"அக்கா, இங்க குடுக்கற கையுறை விரல் விரலா மெல்லிசா இருக்கு. துப்பாக்கி பிடிக்க அதுதான் சரி. ஆனா சும்மா நிக்கறப்போ குளிர் எலும்புல இறங்குது. அதுக்கு மேல மாட்டிக்கற மாதிரி பெருசா ஏதாவது தைச்சு அனுப்புவியா?"

"இதையெல்லாம் கேக்கணுமாடா? நாளைக்கே வெட்டறேன்."

"எனக்கு மட்டும்னா வேணாம். நாப்பத்திரண்டு பேருக்கும் வேணும்."

அவன் சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். ஒரு மிட்டாய் கேட்கமாட்டான், தெருவுக்கே சேர்த்துத்தான் கேட்பான்.

எங்கள் முதலாளியம்மா காதில் விஷயத்தைப் போட்டேன். அந்த அம்மாள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. போர்வை தைக்கச் சொல்லிவிட்டு நிறம் பிடிக்கவில்லை என்று ஒரு ஹோட்டல்காரர் கைவிட்டுப்போன துணி கிடங்கில் கிடந்தது. ஒரு பக்கம் காற்றுப் புகாத நீல மழமழப்பு, மறுபக்கம் வெள்ளைப் புசுபுசுப்பு. "எடுத்துக்கோ மாஸ்டர், தைக்கறவங்களையும் சேத்து எடுத்துக்கோ" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நாலு விரலுக்கும் சேர்த்து ஒரு அறை, கட்டைவிரலுக்கு உள்ளங்கைப் பக்கமாகத் தனி அறை, மணிக்கட்டில் எலாஸ்டிக். இடதையும் வலதையும் ஒரு நீள நாடாவால் இணைத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம், கழற்றினால் காற்று அடித்துக்கொண்டு போகாது. ஒருத்தி கட்டைவிரல் மட்டும் தைத்தாள், ஒருத்தி பக்கம் மூட்டினாள், ஒருத்தி எலாஸ்டிக் வைத்தாள். தைத்து முடித்ததைத் தலையணை உறை மாதிரியே பத்துப் பத்தாக அடுக்கிக் கட்டினோம். மூன்று நாளில் எண்பத்து நான்கு உருப்படி. எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

மலைக்குச் சாமான் அனுப்புகிற ராணுவ டிப்போவிலிருந்து தகவல் வந்திருந்தது. வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் பெட்டி வந்துவிட வேண்டும். அன்றைக்குக் கிளம்பும் லாரிகள் ஏறியதும் பாதையைப் பனி மூடிவிடும், அப்புறம் ஐந்து மாதத்துக்கு ஒரு சக்கரமும் அந்த மலையில் ஏறாது.

அந்த வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு என் தம்பி பெண்டாட்டி வந்தாள். பள்ளிக்கூட ஆபீசில் வேலை, அரை நாள் லீவு போட்டிருந்தாள். எனக்கும் அவளுக்கும் சண்டை ஒன்றும் கிடையாது. கல்யாணமாகி நாலு வருடத்தில் அவள் என்னிடம் வாய் திறந்து பேசியதும் ஒன்றும் கிடையாது. "சாப்பிட்டீங்களா அண்ணி", "போயிட்டு வரேன் அண்ணி", அவ்வளவுதான். என் தம்பி தினமும் இந்த ஊமையோடு என்னதான் பேசுவான் என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

கம்பளித் தொப்பி, காலுறை, உதட்டுக்குத் தடவும் களிம்பு, சாக்லேட், சீட்டுக்கட்டு, கண்ணாடி போட்ட கல்யாணப் போட்டோ என்று ஒரு பெரிய பை கொண்டுவந்திருந்தாள். அவள் அடுக்க, நான் அதட்ட, பெட்டி நிறைந்துகொண்டிருந்தது. கையுறைக்கு நாடா வைப்பதுதான் பாக்கி. துணி ஓரம் பிரியாமல் அடிக்கிற ஓவர்லாக் மிஷினில் உட்காருகிறவளை நாங்கள் ஓவர்லாக் என்றேதான் கூப்பிடுவோம். மிஷின் ஓய்ந்தாலும் அவள் வாய் ஓயாது. அவள் முதல் ஜோடிக்கு நாடா வைத்து என் தம்பி பெண்டாட்டி கழுத்தில் மாலை போடுவதுபோல மாட்டினாள்.

"போட்டுக்கோம்மா, ஒரு போட்டோ எடுத்து உன் வீட்டுக்காரருக்கு அனுப்பலாம். சண்டைக்குப் போற மாதிரி மொறைச்சுப் பாரு."

அவள் வலது கையை நுழைத்தாள். இடது கையை நுழைத்தாள். முறைக்கவில்லை, விழித்தாள்.

"அண்ணி, இந்தக் கட்டைவிரல் வெளிப்பக்கமா போகுதே."

"சரியா மாட்டும்மா. வேற ஒண்ணு எடு."

வேறு ஒன்று எடுத்தாள். அதுவும் அப்படித்தான். ஓவர்லாக் ஒரு கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாக மேஜைமேல் பரப்பினாள். எல்லாக் கட்டைவிரலும் ஒரே திசையைக் காட்டின. அடுத்த கட்டு. அதற்கடுத்த கட்டு. எண்பத்து நான்கும் வலது கை.

பட்டறையில் எல்லா மிஷினும் நின்றுவிட்டன. எனக்குப் புரிந்துவிட்டது. தலையணை உறைக்கு இடது வலது ஏது? இருபத்திரண்டு வருடமாகத் துணியை முகம், அதாவது நல்ல பக்கம், மேலே பார்க்கத்தான் விரிப்பேன், பன்னிரண்டு அடுக்கானாலும் எல்லா முகமும் மேலேதான். கைக்கு வெட்டும்போது ஒரு அடுக்கு மேலே பார்க்க வேண்டும், அடுத்தது கீழே பார்க்க வேண்டும். முகத்துக்கு முகம். அப்போதுதான் இடதும் வலதும் ஜோடியாக விழும். கையோ அதுபாட்டுக்குப் பழக்கப்படி விரித்துவிட்டது.

"யாரு தைச்சது இதை? ஒருத்திக்காவது கண்ணு தெரியலையா?" என்று கத்தினேன். தப்பு யாருடையது என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். ஓவர்லாக்கே வாயை மூடிக்கொண்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீலத் துணி ஒரு முழம்கூட மிச்சமில்லை. மணி பன்னிரண்டே முக்கால்.

"சரி, வலது கை மட்டும் போகட்டும். ஒரு கையாவது குளிராம இருக்கும். இடது கையப் பாக்கெட்டுல விட்டுக்கட்டும்" என்றேன். எனக்கே அது நொண்டிச் சாக்காகத்தான் கேட்டது.

என் தம்பி பெண்டாட்டி என் முழங்கையைப் பிடித்தாள். பிடித்த பிடியில் வலித்தது. அயர்ன் மேஜைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"அண்ணி, இடது கைதான் வேணும். இடது கை இல்லாம அனுப்பாதீங்க."

"ஏம்மா?"

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு அவர் தலைமேல சத்தியம் வாங்கிட்டார். முக்கியமா உங்ககிட்ட." அவள் மிஷின் பக்கம் ஒருமுறை எட்டிப்பார்த்துக்கொண்டாள். "போன குளிர்ல அவருக்கு இடது கையில நடுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போச்சு. தொட்டாலே தெரியல. இன்னொரு தடவ குளிர் பிடிச்சா ரெண்டையும் எடுத்துடணும்னு டாக்டர் சொல்லிட்டாராம். கீழ வேற வேலைக்கு அனுப்பறேன்னாங்களாம், இவர்தான் மாட்டேன்னுட்டார். நான் சொன்னதாக் காட்டிக்காதீங்க அண்ணி. அப்புறம் அவர் எங்கிட்டயும் எதையும் சொல்லமாட்டார்."

அவன் இடக்கைக்காரன். எழுதுவது, பல் தேய்ப்பது, கேரம் அடிப்பது எல்லாம் இடது கைதான். பீச்சாங்கை, பீச்சாங்கை என்று சின்ன வயதில் அவனைக் கேலி செய்தே அழவைத்தவள் நான். அந்தக் கையை விட்டுவிட்டு எண்பத்து நான்கு வலது கை தைத்து வைத்திருக்கிறேன்!

கோபம் கண்மண் தெரியாமல் வந்தது. யார்மேல் என்று சொல்லவேண்டியதில்லை. மேஜைக்குத் திரும்பி வந்து, ஒன்றை எடுத்து என் இடது கையில் வம்படியாக மாட்டினேன். கட்டைவிரல் வெளியே துருத்திக்கொண்டு என்னைப் பழித்தது. பிடித்து வெடுக்கென்று உருவி எறிந்தேன்.

உருவிய வேகத்தில் உள்பக்கம் வெளியே வந்து, வெள்ளைப் புசுபுசுப்போடு மேஜையில் விழுந்தது.

"மாஸ்டர்" என்றாள் ஓவர்லாக். "அதப் பாருங்க."

கட்டைவிரல் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. எடுத்து இடது கையில் மாட்டினேன். அளவெடுத்துத் தைத்ததுபோல உட்கார்ந்தது.

"அடியே!" என்று நான் போட்ட கூச்சலில் முதலாளியம்மா மாடியிலிருந்து இறங்கி ஓடிவந்தார். "பாதியத் திருப்புங்கடி! நாப்பத்திரண்டையும் திருப்புங்க!"

ஆளாளுக்குத் திருப்ப ஆரம்பித்தார்கள். என் தம்பி பெண்டாட்டி மட்டும் புசுபுசுப்பைத் தடவிப் பார்த்தபடி நின்றாள்.

"பனி இதுல ஒட்டிக்கும் அண்ணி. அவர் தொப்பியில அப்படித்தான் ஒட்டிக் கட்டியாயிடுதாம். மேல ஏதாவது மூடணும்."

ஊமை என்று நினைத்தவள் ஒரு மணி நேரத்தில் இரண்டு தடவை என் வாயை அடைத்துவிட்டாள். ஈரம் இறங்காத துணி எங்களிடம் எது இருக்கிறது? தொட்டில் விரிப்பு இருக்கிறது. ஒரு முழு உருளை இருக்கிறது. ஒரே சங்கடம், அது பளிச்சென்ற மஞ்சள், மேலே வரிசை வரிசையாக வாத்துக்குஞ்சு.

"வாத்துப் போட்டுக்கிட்டு எல்லையில நின்னா எதிரி சிரிச்சே செத்துடுவான்" என்றாள் ஓவர்லாக்.

"நல்லதுதானே, குண்டு மிச்சம்" என்றார் முதலாளியம்மா.

துணியைப் புரட்டினேன். பின்பக்கம் வழவழவென்று வெறும் வெள்ளை. பனி நிறம்! வாத்தெல்லாம் உள்ளே போகட்டும், வெள்ளை வெளியே வரட்டும். நடுவில் மாட்டிக்கொள்கிற புசுபுசுப்பு சூட்டைப் பிடித்துவைக்கும். மெத்தை தைக்கிற எங்களுக்கு இதைச் சொல்லித் தரவேண்டுமா?

விரித்தேன். இந்த முறை முகத்துக்கு முகம். மேலுறைக்குக் கட்டைவிரலைப் பக்கவாட்டில் விட்டுத் தட்டையாக வெட்டினால் இடது வலது தொல்லையே கிடையாது, எப்படி விரித்தாலும் ஒன்றுதான். இருந்தாலும் முகத்துக்கு முகமே விரித்தேன். இரண்டு தடவை சரிபார்த்தேன். மூன்றாவது தடவை ஓவர்லாக் சரிபார்த்தாள், நான் ஒன்றும் சொல்லவில்லை. வெட்டும் மிஷினைப் போட்டபோது மணி ஒன்றே கால்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிலிர்க்கிறது. ஏழு மிஷின் ஒரே சமயத்தில் ஓடியது. முதலாளியம்மா மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு எலாஸ்டிக் வெட்டினார். சாப்பாட்டு டப்பாவை யாரும் திறக்கவில்லை. நூல் அறுந்தால் அறுந்தது என்று சொல்வதற்குள் ஒருத்தி கோர்த்துவிட்டாள். என் தம்பி பெண்டாட்டி தைத்துவந்ததை எல்லாம் இடது கையில் மாட்டிப் பார்த்து, "சரி", "சரி", "சரி அண்ணி" என்று எண்ணினாள். இருபது. இருபத்தெட்டு. மணிக்கட்டில் மேலுறையை வெளியே மடித்துத் தைத்ததில் அந்த மடிப்பில் மட்டும் மஞ்சள் வாத்து ஒரு வரிசை எட்டிப்பார்த்தது. மாற்ற நேரமில்லை. முப்பத்தைந்து. எல்லாரும் சேர்ந்து உரக்க எண்ண ஆரம்பித்தோம். நாற்பது. நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு என்றபோது பட்டறை அதிர்ந்தது. அயர்ன் போடுகிற அண்ணன், வருடத்துக்கு நாலு வார்த்தை பேசுகிறவர், விசில் அடித்தார்.

மணி மூன்று பத்து. வேனில் நானும் அவளும் ஏறினோம். ஒரு சிக்னல் விடாமல் எல்லாமே சிவப்பு. ஒவ்வொன்றிலும் நான் டிரைவரைத் திட்டினேன், பாவம், விளக்கு என்ன அவர் கையிலா இருக்கிறது?

டிப்போ கேட்டுக்குள் நுழைந்தபோது நான்கு மணிக்கு இன்னும் எட்டு நிமிடம் இருந்தது. எடைபோடும் சிப்பாய் பெட்டியைத் தராசில் வைத்து உதட்டைப் பிதுக்கினார்.

"முந்நூறு கிராம் கூடுதலா இருக்கும்மா. அளவு மீறினா ஏத்த முடியாது."

மேலுறையின் எடை! நான் வாதாட வாயைத் திறப்பதற்குள் அவள் பெட்டியைப் பிரித்தாள். கல்யாணப் போட்டோவை எடுத்தாள், பின்பக்க ஆணியை நகத்தால் நெம்பினாள், போட்டோவை மட்டும் உருவிப் பெட்டிக்குள் வைத்துவிட்டுச் சட்டத்தையும் கண்ணாடியையும் அக்குளில் இடுக்கிக்கொண்டாள். தராசு முள் சரியாக நின்றது.

சிப்பாய் ஒரு ஜோடியைத் தூக்கிப் பார்த்தார். ஒரு கை நீலம், ஒரு கை வெள்ளை.

"இது என்னம்மா, ஒண்ணு ஒரு மாதிரி, இன்னொண்ணு ஒரு மாதிரி?"

"புது டிசைன்" என்றேன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். "வேணும்னேதான் அப்படி."

அவர் முத்திரை குத்தினார். லாரி கிளம்பி வளைவில் மறையும்வரை நாங்கள் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரிக் கையாட்டிக்கொண்டே நின்றோம். திரும்பும் வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள். என் தம்பி தினமும் இவளோடு என்ன பேசுவான் என்ற சந்தேகம் எனக்கு அன்றோடு தீர்ந்தது. அவன் வாயைத் திறக்க நேரம் கிடைத்தால்தானே!

பன்னிரண்டாம் நாள் காலை அவள் எதிர்ச்சாரிப் பள்ளிக்கூடத்திலிருந்து செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடிவந்தாள். கையில் போன். "அண்ணி, அவர்! லைன்ல இருக்கார், அஞ்சு நிமிஷம்தான்!" ஸ்பீக்கரில் போட்டு வெட்டு மேஜைமேல் வைத்தாள். மிஷினெல்லாம் தானாக நின்றது.

"அக்கா! பெட்டி வந்துடுச்சு!" பின்னால் ஒரே ஆண்பிள்ளைச் சத்தம்.

"அளவு சரியா இருக்காடா?"

"அளவை விடு. அந்த இடது கை இருக்கே, யப்பா! வலது கையே நல்லாத்தான் இருக்கு. ஆனா இடது கை, அடுப்புக்குப் பக்கத்துல காட்டின மாதிரி இருக்கு. இங்க ஒவ்வொருத்தனும் வலது கையையும் அதுல நுழைக்கப் பாத்து கட்டைவிரல் மாட்டிக்கிட்டு நிக்கறான். காலையில ஆள் எண்ணும்போது எங்க கமாண்டர், 'வாத்துக் கையத் தூக்குங்கடா'ங்கறாரு!"

பட்டறை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவன் குரல் திடீரென்று தாழ்ந்தது. போனை வாயோடு ஒட்டிக்கொண்டான் போலிருக்கிறது.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். ஏன் இடது கைக்கு மட்டும் இவ்ளோ பண்ணியிருக்க? உங்கிட்ட யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

என் தம்பி பெண்டாட்டியின் முகத்தில் ஈயாடவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். டிப்போவில் சொன்னது நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அவன் சிப்பாய் இல்லை, என் தம்பி. புது டிசைன் என்றால், ஏன் இடது என்று அடுத்த நொடி கேட்பான். அவளைக் காப்பாற்ற ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அது உண்மையும்கூட. அதைத்தான் இருபத்திரண்டு வருடமாக நான் ஒருத்தர் முன்னாலும் சொன்னதில்லை. சுற்றிலும் எட்டுப் பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

"யாருடா என்ன சொல்லணும்?" என்றேன். "நான் துணியத் தப்பா விரிச்சுட்டேன். எண்பத்தி நாலும் வலது கையாப் போச்சு. பாதியத் திருப்பிப் போட்டு, மேல ஒரு உறையப் போட்டு ஒப்பேத்தினேன். அவ்ளோதான்."



"நீயா?"

"நானேதான்."

"தப்பா?"

"தப்பாத்தான்டா! இன்னும் எத்தனை தடவ சொல்லணும்?"

அவன் அதை அப்படியே அங்கே இருந்தவர்களிடம் சொன்னான். மலை உச்சியில் அத்தனை பேர் சிரிக்கிற சத்தம் அந்தச் சின்னப் போனிலிருந்து வந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. வராதது எனக்கே அதிசயமாக இருந்தது. சிரிப்பு அடங்கியபிறகு அவன் மெல்லச் சொன்னான்.

"அக்கா, கோவிச்சுக்காத. உங்கிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன். போன குளிர்ல என் இடது கையில ரெண்டு விரல் மரத்துப்போச்சு. நீ அழுவேன்னு சொல்லல. ஆனா கேளு, இன்னிக்குக் காலையில சட்டைப் பித்தான நானே போட்டேன். இடது கையால. நடுவிரல்ல பித்தான் சில்லுனு இருந்துச்சு அக்கா. சில்லுனு தெரிஞ்சுது!"

நான் இப்போதுதான் முதல்முறையாகக் கேட்கிறவள் மாதிரி நடிக்கவேண்டும். "ஐயோ, அப்படியாடா! சொல்லவே இல்லையே!" என்றேன். படு கேவலமான நடிப்பு. போனில் முகம் தெரியாததால் தப்பித்தேன். என் தம்பி பெண்டாட்டி ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டே சிரித்தாள். அவளுடைய இன்னொரு கை மேஜைக்கு அடியில் என் கையைத் தேடி வந்து இறுகப் பிடித்தது. லைன் போய்விட்டது.

ஓவர்லாக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் அப்படியே விட்டுவிடுகிறவளா?

"மாஸ்டர், காதுல சரியா விழல. எதைத் தப்பா விரிச்சீங்கன்னு இன்னொரு தடவ சொல்லுங்களேன்."

"போய் வேலையப் பாருடி" என்றேன்.

அவள் போகவில்லை. நானும் விரட்டவில்லை.